ஹால் டிவியில் ஒரு வீட்டுப் பலகை

மதுரையில் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் 43 அங்குல டிவி இப்போது காலை 5.45-க்குத் தானாக எழுந்து 8.15-க்குத் தானாக அணைகிறது. இடைப்பட்ட நேரத்தில் அதில் தெரிவது நான்கு தகவல்கள்: மாடித் தொட்டியில் தண்ணீர், இன்றைய நாளும் திதியும், அப்பாவின் காலை மாத்திரை, மகளின் பள்ளி வேன் வர இன்னும் எத்தனை நிமிடம். தொடங்கியபோது திரையில் பதினான்கு பெட்டிகள் இருந்தன. மற்ற பத்தும் எப்படிப் போயின, இந்த நான்கும் எப்படித் தப்பின என்பதுதான் இந்தப் பதிவு. செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு அளவுகளும் செலவுக் கணக்கும் உதவும்.

டிவியின் சொந்த பிரவுசர்

ஸ்மார்ட் டிவிதானே, தனியாக எதையும் வாங்க வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தேன். பரணில் கிடந்த பழைய லேப்டாப்பில் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை ஏற்றினேன். வீட்டிலுள்ள கருவிகளின் தகவல்களை ஓரிடத்தில் திரட்டிக் காட்டும் திறமூல மென்பொருள் அது. காசு கிடையாது, இணையம் போனாலும் வீட்டுக்குள் வேலை செய்யும். லேப்டாப்பின் பேட்டரியில் இன்னும் கொஞ்சம் உயிர் இருப்பதால் மின்தடைக்கென்று தனி யுபிஎஸ்ஸும் தேவைப்படவில்லை. அது தரும் பக்கத்தை டிவி பிரவுசரில் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கணக்குப் போட்டேன்.

கணக்கு பிசகியது. ரிமோட்டில் ஒவ்வொரு எண்ணாகத் தேடித் தேடி முகவரியை அடிப்பதை ஒரு தடவை பொறுத்துக்கொள்ளலாம். டிவியை அணைத்தால் பக்கம் போய்விடுகிறது. யாராவது ஓடிடி செயலியைத் திறந்தால் நினைவகம் போதாமல் பிரவுசர் மூடிக்கொள்கிறது. சிறிது நேரம் யாரும் ரிமோட்டைத் தொடாவிட்டால் ஸ்கிரீன் சேவர் வந்து மலையையும் ஏரியையும் காட்டுகிறது. வீட்டார் பார்ப்பதற்காகச் செய்த ஒன்றை நான் விடியற்காலையில் எழுந்து திறந்துவைக்க வேண்டியிருந்தது.

அடுத்து, டிவி பிரவுசருக்குப் பதிலாக அந்தப் பக்கத்தைத் திறந்து காட்ட, ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினியை (இனி 'பை'), 2 ஜிபி நினைவகம் கொண்டது, பழையதாக வாங்கினேன். டிவியின் முதுகில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி எச்டிஎம்ஐயில் இணைத்தேன். பை 4-இல் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ துளை, வழக்கமான கேபிள் நுழையாது. அதற்கான கேபிளையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் என்னைப் போல ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் எல்லாவற்றையும் விரித்து வைத்துக்கொண்டு கடை திறக்கக் காத்திருப்பீர்கள். துளை இரண்டு இருக்கும். பவர் துளைக்குப் பக்கத்தில் இருப்பதில்தான் டிவியை இணைக்க வேண்டும்.

சுவரில் இன்னொரு அடாப்டர் தொங்கக்கூடாது என்பது மனைவியின் நிபந்தனை. அதனால் டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்தே பவர் எடுத்தேன். யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர். பை 4 கேட்பது 5 வோல்ட்டில் 3 ஆம்பியர். திரையின் மூலையில் மின்னல் குறி வந்து வந்து போனது. மின்னழுத்தம் போதவில்லை என்று அதற்குப் பொருள். அதைவிட மோசம், டிவி அணையும்போதெல்லாம் பையும் பட்டென்று அணைந்தது. கொஞ்ச நாளில் மெமரி கார்டு கெட்டு, எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. இப்போது தனி அடாப்டர், டிவிக்குப் பின்னால் மறையும் பிளக்கிலேயே இருக்கிறது. வெளியே தெரியவில்லை என்பதால் நிபந்தனையும் காப்பாற்றப்பட்டது.

பைக்கான இயங்குதளத்தின் லைட் பதிப்பை ஏற்றினால் தமிழ் எழுத்துரு தனியாக நிறுவ வேண்டும். நிறுவும்வரை தமிழ் வரவேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டங்கள்தான். நான் போட்டது நோட்டோ சான்ஸ் தமிழ்.

சார்ட் அட்டைச் சோதனை

திரையை இன்ச் டேப்பால் அளந்தேன். அகலம் 95 செ.மீ., உயரம் 53.5. 1920 பிக்சலை 95 செ.மீ.-க்குப் பங்கிட்டால் ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டர். இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால், மேசையில் உட்கார்ந்து மானிட்டரில் பார்த்த அழகை நம்பி ஏமாற வேண்டியதில்லை. இரண்டு சார்ட்டுகளை ஒட்டித் திரை அளவுக்கு வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் பதினான்கு பெட்டிகளையும் உண்மையான அளவில் வரைந்து, டிவியின் மேல் ஒட்டினேன். நிரல் எழுதுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது. சார்ட்டில் ஒரு பெட்டியை நீக்க ஒரு வெள்ளைத் தாள் துண்டு போதும்.

ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது திரை வடிவமைப்புத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் வாக்கு. எங்கள் வீட்டில் என்னையும் சேர்த்து ஐந்து பேர். செய்தவனையே சோதனையில் சேர்ப்பதில் பயன் இல்லை என்பதால், வீட்டு வேலைக்கு வரும் அக்காவைச் சேர்த்து ஐந்தாக்கினேன். பிறகு பார்த்தால் அவர்தான் எல்லோரையும்விட உருப்படியான சோதகர்.

முறை எளியது. சோபாவிலிருந்து திரைக்கு 3 மீட்டர், அடுக்களை வாசலிலிருந்து 4.5 மீட்டர். இரண்டு இடத்திலும் நிற்கவைத்து, "இன்றைக்கு மோட்டார் போட வேண்டுமா?", "வேன் வர எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்று கேட்பேன். கண் முதலில் எங்கே போகிறது, வாய் என்ன சொல்கிறது என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். "இது என்ன?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் விளக்கம் சொல்லக்கூடாது. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி.

அடுக்களை வாசலிலிருந்து அம்மாவால் ஒன்றையும் படிக்க முடியவில்லை. நான் வைத்திருந்தது 32 பிக்சல் எழுத்து. அதில் 'ப'வின் உயரம் ஒரு செ.மீ. கூட வராது. 64 பிக்சலுக்கு ஏற்றியபோது ஸ்கேலால் அளந்தால் 2 செ.மீ.-க்குச் சற்றுக் குறைவு. அப்போதுதான் தடுமாறாமல் படித்தார். எண்கள் 180 பிக்சல். மெல்லிய எழுத்து தூரத்தில் கரைந்துபோகிறது, ஆகவே எழுத்துருவின் தடிமனை 600 என்று கூட்டினேன். வரி உயரத்தை 1.2 என்று வைத்தால் மேல் வரியின் 'ழு'வும் கீழ் வரியின் 'தீ'யும் இடித்துக்கொள்கின்றன, 1.6-இல் நிம்மதி. எழுத்தை இரண்டு மடங்காக்கியதும் பெட்டிகளில் பாதிக்கு இடமே இல்லாமல் போயிற்று. எதை எடுப்பது என்ற வாக்குவாதத்தை இன்ச் டேப் பெரும்பாலும் தீர்த்துவைத்தது.

நிறமும் மாறியது. விடியற்காலை இருட்டு ஹாலில் வெள்ளைப் பின்னணி கண்ணைக் குத்தியது. கறுப்புப் பின்னணிக்கு மாற்றினேன். எச்சரிக்கை என்றால் சிவப்பு என்று நானாக முடிவு செய்திருந்தேன். ஒரு கண்ணில் புரை வளர்ந்து அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் அப்பாவுக்குக் கறுப்பின் மேல் சிவப்பு தெரியவே இல்லை. மஞ்சள் தெளிவாகத் தெரிந்தது. மஞ்சளையே வைத்துவிட்டேன். டிவி தன் பங்குக்குப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டியது. அமைப்பில் அதை நிறுத்தலாம். ஆனால் யாராவது படத்தின் அளவை மாற்றினால் மறுபடி வந்துவிடும். பக்கவாட்டில் 96 பிக்சல், மேலும் கீழும் 54 பிக்சல், அதாவது 5 சதவீதம், காலியாக விட்டுவிட்டால் கவலை இல்லை.

போன பெட்டிகள்

வானிலை முதலில் போயிற்று. ஜன்னலைத் திறந்தால் தெரிகிறது. தங்க விலையை எல்லோரும் ரசித்தார்கள், ஆனால் அதைப் பார்த்து யாரும் எதுவும் செய்யவில்லை. ராகு காலத்தை அம்மாவுக்காக வைத்தேன். அவர் ஒரு நாளும் அதைப் பார்க்கவில்லை. திங்கள் ஏழரை முதல் ஒன்பது, செவ்வாய் மூன்று முதல் நாலரை என்று ஏழு நாளும் அவருக்கு மனப்பாடம். கிழமையோடு மாறாமல் வருவதை எதற்குத் திரையில் பார்க்க வேண்டும்? அவருக்கு வேண்டியிருந்தது திதி எத்தனை மணிக்கு மாறுகிறது என்பது. அமாவாசை முந்தின நாளே பிடித்துவிடுகிறதா, மறுநாள் எதுவரை இருக்கிறது என்பதுதான் அவர் தினசரி காலண்டரில் கண்ணைச் சுருக்கிப் படிக்கிற வரி. அதைப் பெரிதாகப் போட்டதும் தினமும் பார்க்கிறார்.

பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் பதிந்த தேதி, மின்சார யூனிட் மூன்றும் ஒரே காரணத்தால் போயின: யாராவது கையால் பதிய வேண்டும். முதல் வாரம் நான் பதிந்தேன். பிறகு பெட்டி பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. மனைவி அடுக்களைக் காலண்டரில் பால் வராத நாளைப் பென்சிலால் சுழிக்கிறாள். அதற்கு இரண்டு நொடி. என் முறைக்குப் போனைத் திறக்க வேண்டும்.

தேர்வு அட்டவணையையும் மதிப்பெண்ணையும் எடுக்கச் சொன்னது மகள். "அப்பா, வருகிறவர்கள் எல்லாம் காபி குடித்துக்கொண்டே என் கணக்கு மார்க்கைப் படிக்க வேண்டுமா?" என்று கேட்டாள். பதில் இல்லை. அதே கேள்வியை மற்றப் பெட்டிகளிடமும் கேட்டுப் பார்த்தேன். கடன் தவணை நினைவூட்டல், அப்பாவின் மாத்திரைப் பெயர்கள் எல்லாம் அன்றே போயின. ஹால் என்பது ஊருக்குப் பொதுவான அறை.

தண்ணீர்

தொட்டி 1000 லிட்டர், உள்விட்டம் 107 செ.மீ. ஒரு செ.மீ. உயரம் என்றால் ஏறக்குறைய 9 லிட்டர். மூடியில் துளையிட்டு ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்ற நீர்புகா அல்ட்ராசோனிக் சென்சாரைப் பொருத்தினேன்; ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்துத் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளப்பது அது. மலிவான எச்சி-எஸ்ஆர்04 தொட்டிக்குள் இருக்கும் ஈரத்தில் துருப்பிடித்துவிடும், வேண்டாம். இதோடு வரும் கேபிள் இரண்டரை மீட்டர் இருப்பதால் அளவை வைஃபையில் அனுப்பும் ஈஎஸ்பி8266 போர்டை வெயில் படாமல் மாடிப்படி அறைக்குள் வைக்க முடிந்தது. சென்சார் திருப்பி அனுப்புவது 5 வோல்ட், போர்டு தாங்குவது 3.3. நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைப் போட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும். 20 முதல் 25 செ.மீ.-க்குள் வரும் எதையும் இந்த சென்சாரால் அளக்க முடியாது. தொட்டி நிறையும்போது எண் தாறுமாறாகக் குதிக்கும். தண்ணீர் அந்தத் தூரத்துக்குள் வந்தால் தொட்டி நிறைந்துவிட்டது என்று நிரலிலேயே எழுதிவிட்டேன்.

திரையில் "62%" என்று காட்டினேன். வேலைக்கு வரும் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இதில் பாத்திரம் தேய்த்து, துணியும் அலசலாமா தம்பி?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. அவர் கேள்விதான் சரியான கேள்வி. சதவீதத்தைத் தூக்கிவிட்டுத் தொட்டியின் படத்தை வரைந்து, பக்கத்தில் மூன்றில் ஒரு வாக்கியம் வருமாறு செய்தேன்: "இன்றைக்குப் போதும்", "மதியத்துக்குள் மோட்டார் போடவும்", "இப்போதே போடவும்". எல்லைக்கோடுகளை எங்கள் வீட்டுச் செலவைச் சில நாள் அளந்து வைத்தேன். உங்கள் வீட்டுக்கு வேறாக இருக்கும்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஒரு காலை மாடியில் வைஃபை துண்டித்துவிட்டது. முந்தின இரவு வந்த அளவு திரையில் அப்படியே நின்றது. மனைவி தலைக்குச் சீயக்காய் தேய்த்த நிலையில் குழாய் நின்றது. குளியலறைக்குள்ளிருந்து, "என்னங்க, உங்கள் டிவி இன்னும் போதும் என்றுதான் சொல்கிறதா?" என்ற குரல் வந்தது. சொல்லிக்கொண்டுதான் இருந்தது. இப்போது 15 நிமிடத்துக்கு மேல் புதிய அளவு வராவிட்டால் தொட்டிப் படம் மறைந்து "தெரியவில்லை, மாடிக்குப் போய்ப் பார்க்கவும்" என்று வருகிறது. இந்தத் திருத்தம் நாலு வரி நிரல். முழுத் திட்டத்திலும் மிகவும் பயன்பட்ட நாலு வரி அதுதான்.

மாத்திரை

அப்பா மாத்திரை போட்டதும் ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தி "போட்டாயிற்று" பெட்டியில் ஓகே அழுத்த வேண்டும் என்று வைத்தேன். எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்பதைக் காட்ட மெல்லிய நீலக் கோடு. அவருக்கு அது தெரியவில்லை. பெட்டி முழுவதையும் மஞ்சளாக்கினேன், தெரிந்தது. ஆனால் பழக்கத்தில் பேக் பொத்தானை அழுத்தி வேறு எங்கோ போய்விட்டார். அதன் பிறகு ரிமோட்டைத் தொடவே பயந்தார். சோதனையில் இதைவிடத் தெளிவான விடை வேண்டாம் என்று நினைத்து, திரையில் தொடுவதற்கு ஒன்றுமே இல்லாதபடி மாற்றினேன். மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில், சாப்பாட்டு மேசையில், ஒரு பெரிய பச்சைப் பொத்தான். அதை அழுத்தினால் டிவியில் "காலை மாத்திரை: போட்டாயிற்று, 7.10" என்று வரும். பொத்தான் 40 ரூபாய். இப்போது தினமும் அழுத்துகிறார். சில நாள் பேத்தியும் அழுத்துகிறாள் என்பது தனிச் சிக்கல்.

டிவியை எப்போது எழுப்புவது

எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே டிவியை எழுப்பவும் அணைக்கவும் சிஇசி என்ற வசதி இருக்கிறது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று ஒவ்வொரு நிறுவனமும் அதற்குத் தனித்தனிப் பெயர் சூட்டியிருக்கிறது. அமைப்புகளில் தேடிப் பிடித்து இயக்க வேண்டும். அதைச் செய்ததும் எனக்கு அதிகாரம் வந்துவிட்ட மாதிரி இருந்தது. தண்ணீர் குறைந்தால் டிவியில் எது ஓடினாலும் நிறுத்திப் பலகையைக் காட்டும்படி எழுதினேன். ஒரு நாள் இரவு, அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது வேலை செய்தது. "ஏம்ப்பா, உன் டேங்க் நிறைந்தால் என்ன, காய்ந்தால் என்ன? கடிதத்தை யார் கிழித்தது என்று தெரியாமலே போய்விட்டதே" என்றார். மறுநாள் காலை எச்டிஎம்ஐ கேபிள் கழற்றப்பட்டிருந்தது. யார் என்று நான் விசாரிக்கவில்லை. மாலை நேர எச்சரிக்கையை அடுக்களை வாசலில் ஒரு சிறு மஞ்சள் விளக்குக்கு மாற்றிவிட்டேன்.

காலையில் ஆள் வந்தால் மட்டும் டிவி எழ வேண்டும் என்பது அடுத்த ஆசை. நாள் முழுவதும் ஓடவிட்டால் 70 வாட் வீதம் 15 மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல், இரண்டு மாத பில்லில் 63 யூனிட் ஏறும். 500 யூனிட் எல்லையை ஒட்டியே ஓடுகிற எங்கள் வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. எச்சி-எஸ்ஆர்501 என்ற உடல்வெப்ப சென்சாரை வைத்தேன். மாசியில் நன்றாக வேலை செய்தது. சித்திரையில் ஹாலின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கியதும் ஆள் நடப்பதே அதற்குத் தெரியவில்லை. பிறகு எல்டி2410 ரேடார் சென்சார். அது சுழலும் மின்விசிறியை ஆள் என்று எண்ணிக்கொண்டு டிவியை அணைக்க விடவில்லை. தூரத்தை 75 செ.மீ. படிகளாகப் பிரித்து ஒவ்வொரு படிக்கும் உணர்திறனை அதில் மாற்றலாம்; விசிறி இருக்கும் படியின் உணர்திறனைக் குறைத்துச் சரிசெய்தேன். அப்போதுதான் உண்மையான தடை தெரிந்தது. டிவி உறக்கத்திலிருந்து எழுந்து படம் காட்ட எடுக்கும் நேரத்தில், காபி டம்ளரோடு வந்தவர் ஹாலைக் கடந்து போயே விடுகிறார்.

கடைசியில் நேரம் பார்த்து எழுப்பும் பழைய முறையே போதும் என்று ஆயிற்று. காலை இரண்டரை மணி நேரம், திரை வெளிச்சத்தைக் குறைத்துவைத்தால் 40 வாட் அளவில், இரண்டு மாதத்துக்கு 6 யூனிட். பைக்கு இன்னொரு 5. சில நாள் அப்பா காலைச் செய்தி பார்ப்பார், 8.15-க்கு அது பாதியில் அணைந்தது. இப்போது அணைப்பதற்கு முன், டிவி காட்டுவது பலகையைத்தானா என்று பை கேட்டுக்கொள்கிறது.

செலவு: பை 3,800 ரூபாய், அடாப்டர் 650, மெமரி கார்டு 400, கேபிள் 250, தொட்டி சென்சார் 350, ஈஎஸ்பி போர்டு இரண்டு 560, பொத்தான், கம்பி, பெட்டி, சார்ட் வகையில் 300. மொத்தம் 6,310. கெட்டுப்போன கார்டு 400, டிராயரில் தூங்கும் இரண்டு சென்சார்கள் 460. மறுபடி செய்தால் சார்ட் அட்டையில் தொடங்குவேன். பையும் சென்சாரும் வாங்குவது அதற்கு அப்புறம்தான்.

மின்சார யூனிட் பெட்டியை மட்டும் திரும்பக் கொண்டுவர நினைக்கிறேன், கையால் பதியாமல். எங்கள் மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது. யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறது. மீட்டரைத் திறக்காமல், சீலைத் தொடாமல், கண்ணாடிக்கு வெளியே ஒளியை உணரும் ஒரு ஃபோட்டோ டையோடைப் பிடித்து எண்ணினால் போதும். மீட்டர் பெட்டி மேற்குப் பார்த்த வாசலில் இருக்கிறது. மாலை வெயில் நேராக விழும்போது எண்ணிக்கை தவறுகிறது. கறுப்பு டேப்பும் சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு சிறு குழாயும் வைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.